தகரம் அடித்த ஜன்னல்

அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு சட்டைதான். வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அதைத் தேய்த்து, மடித்து, அடுக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதே சட்டையை எடுத்து உதறி, தண்ணீர் தெளித்து, மறுபடியும் தேய்த்தாள். மருந்துக்கடைக்காரருடைய கோடு போட்ட சட்டை. காலருக்கு உள்ளே சிவப்பு நூலால் அடையாளம் போட்டது நான்தான், அதனால் மாறிப்போக வழியில்லை.

"அம்மா, அது தேய்ச்சாச்சு" என்றேன்.

"தெரியும். நீ உன் வேலையப் பாரு" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாள். திட்டாமல் இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள், அது யாரோ விட்டுவிட்டுப் போன பொருள் மாதிரி.

நான் உனக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. நீ பதில் எழுதினால் தையல்கடை அக்காவின் முகவரிக்கு எழுது. துணி கொடுக்கப் போகும்போது வாங்கிக்கொள்வேன். மேல்வீட்டில் தொலைபேசி இருக்கிறது, உனக்குத் தெரியும். ஆனால் படியேறிப் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு நாக்கு உள்ளே போய்விடுகிறது.

நீ போன பிறகு அம்மா உன்னைப் பற்றிப் பேசுவதில்லை. யாராவது கேட்டால் மட்டும் அதையே சொல்கிறாள்: "நெருப்ப வச்சுப் பொழைக்கிற வீட்ல பொறந்துட்டு, நெருப்ப அணைக்கப் போயிருக்கா." உன் தட்டை எடுத்து மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஆனால் அவ்வப்போது எடுத்துக் கழுவித் துடைத்து மறுபடி உள்ளே வைக்கிறாள். சாப்பிடாத தட்டு எப்படி அழுக்காகும்?

இன்னொரு விஷயம். நம் ஜன்னல் இப்போது இல்லை. மேல்வீட்டு அம்மா கீழே வந்து, "உங்க கரிப்புகை ஏறி நான் காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போகுது. ஒண்ணு தொழில மாத்துங்க, இல்ல வீட்ட மாத்துங்க" என்று சத்தம் போட்டார்கள். கடைசியில் வெளிப்பக்கம் தகரம் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். அதனால் இஸ்திரிப் பெட்டிக்கான கரிச்சட்டியைச் சந்து முனையில் வைத்துப் பற்றவைக்கிறோம். புகையெல்லாம் அடங்கி, கரி சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டுவருகிறோம். "புகையே இல்லாதப்ப ஜன்னல் எதுக்கு? வெளிச்சத்துக்குத்தான் பல்பு இருக்கே" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்கு மூன்று வாரமாகத் தலைவலி. நெற்றிப்பொட்டில் யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல என்கிறாள். வாந்தி வருவதுபோல் இருக்கிறது என்று சாப்பாட்டை என் பக்கம் தள்ளிவிடுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வரி எழுது.

உன் தங்கை

*

அக்டோபர் 12

ஊமச்சிக்கு,

வாயைத் திறந்தால் நாலு வார்த்தை வராது, பேனாவைத் திறந்தால் நாலு பக்கமா? வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு போய்விட்டது.

அம்மாவுடைய தலைவலிக்கு என்னைவிட நல்ல சாட்சி யாரும் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்கு வெளியூர் போகவேண்டும் என்றேன், தலைவலி வந்தது. தீயணைப்புப் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன், ஒரு வாரம் படுத்தாள். தேர்வாகிவிட்டேன் என்ற அன்று எழுந்து உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, என்னைப் படியிறங்கச் சொன்னாள். "வாசல தாண்டுனா திரும்பி வராத" என்றாள். நீ அப்போது அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரே தலையணை உறையை மடித்துக்கொண்டே இருந்தாய். மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை.

இது என்னைத் திரும்ப வரவழைக்கும் நாடகம். உன்னை முன்னால் நிறுத்தி நடத்துகிறாள், அவ்வளவுதான். நீ பாவம், அழுவதற்கென்றே டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய்.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறியிறங்கி, தோளில் தோல் உரிந்து, மறுபடி முளைத்துவிட்டது. எங்கள் பயிற்சியாளருக்குத் தொப்பி சார் என்று பெயர் வைத்திருக்கிறோம். பாடம் ஆரம்பிக்கும்போது தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார், முடிந்ததும் மாட்டுவார். முதல் நாள் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து அதன்மேல் கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்தார். சுடர் சுருங்கிச் சுருங்கிச் செத்துப்போனது. "எரியிற பொருள், சூடு, காத்து. மூணு பேரும் கை கோத்து நின்னாத்தான் நெருப்பு. ஒருத்தன் கைய விட்டாலும் போச்சு. எவன் கையப் பிடிச்சு இழுக்கணும்னு தெரிஞ்சவன்தான் நம்ம ஆளு" என்றார். தண்ணீர் ஊற்றினால் சூடு போகிறது. மணல் கொட்டினால் காற்று போகிறது. பக்கத்தில் இருக்கிற விறகை இழுத்துப் போட்டால் எரிவதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது.

எனக்கு அங்கேயே சிரிப்பு வந்தது. இதற்கா பாடம்? "சாம்பல தட்டுடி, பெட்டி ஓட்டைய அடைக்காத, கரிக்கு மூச்சு முட்டுது" என்று அம்மா தலையில் குட்டிக் குட்டிச் சொன்னதுதானே இது. ஆனால் அம்மாவிடம் இதைச் சொல்லாதே. என்னிடமிருந்து எதையும் அவள் கேட்க வேண்டாம்.

நாடகம் முடிந்தால் சொல், வருகிறேன்.

அக்கா

*

அக்டோபர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாடகம் இல்லை. நீ நம்பவேண்டும் என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

புதன்கிழமை அம்மாவுக்குத் தலைவலி தாங்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்கு நடத்திக்கொண்டு போனேன். சந்தை தாண்டும்போது, "கொஞ்சம் தேவலாம்போல இருக்குடி" என்றாள். மருத்துவமனை வாசலில், "திரும்பிப் போயிடலாமா?" என்றாள். நான்தான் விடவில்லை. வரிசையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

டாக்டர் கேட்டார்: "இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்ல டாக்டர்."

"பின்ன எப்ப வலிக்கும்?"

"வேலை செய்யும்போதுதான்."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தாம்மா" என்றார். நர்ஸ் சிரித்தார்கள். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அக்கா. அந்தச் சிரிப்பைப் பார்த்திருந்தால் நீ நாடகம் என்று எழுதியிருக்க மாட்டாய். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

 வீட்டுக்கு வந்து அம்மா கரியைப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "செவ்வாக்கிழமை லீவு அன்னிக்கு வலிக்கிறதில்ல. கடைத்தெருவுக்குப் போனா வலிக்கிறதில்ல. இந்த மேசைகிட்ட வந்தாத்தான் வலிக்குது. அப்ப நான் சோம்பேறிதானே?" இத்தனை வருஷம் நின்றே வேலை செய்தவள், தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொண்டாள். அன்று முதல் இன்னும் அதிக நேரம் நிற்கிறாள், சோம்பல் போகட்டும் என்று.

எனக்கும் வருகிறது. துணி கொடுக்க வெளியே போகிற நாளில் இல்லை. மழை பெய்து நானும் உள்ளேயே உட்கார்ந்து தண்ணீர் தெளித்துச் சுருட்டிக் கொடுக்கிற நாளில் மாலைக்குள் தலை கனக்கிறது. அம்மாவிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைத் தையல்கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நிற்பாள்.

வாத்தியாருடைய வெள்ளை வேட்டியில் பெட்டியை வைத்த அம்மா எடுக்க மறந்துவிட்டாள். பெட்டியின் முக்கோணம் அப்படியே பழுப்பாக விழுந்துவிட்டது.  மறுநாள் அவர் வந்து தன் துணியையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நீ எழுதியிருந்த கண்ணாடிப் புட்டியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். சட்டியில் கரி நன்றாகப் பிடித்ததும் மேலே சின்னச் சின்ன நீலச் சுடர் ஓடும், ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதைத் தட்டான்பூச்சி என்போம். சந்தில் சட்டியை வைத்து விசிறும்போது இப்போதும் தட்டான்பூச்சி பறக்கிறது. உள்ளே கொண்டுவந்து சாம்பலைத் தூவி மூடி வைத்ததும் அது போய்விடுகிறது. கரி மட்டும் சத்தமில்லாமல் சிவந்து கிடக்கிறது.

நீ வரவேண்டும் என்று கேட்கவில்லை. நம்பினால் போதும்.

உன் தங்கை

*

அக்டோபர் 27

அக்கா,

பதில் வரவில்லை. கோபமா, தபால் தாமதமா தெரியவில்லை.

மழை விடாமல் பெய்கிறது. சாரல் அடிப்பதால் கதவையும் சாத்திவிட்டோம். துணி காயவில்லை, எல்லாவற்றையும் பெட்டிச் சூட்டிலேயே காயவைக்க வேண்டியிருக்கிறது. நேற்று அம்மா விழுந்துவிட்டாள். தடுக்கி விழவில்லை. நின்ற இடத்திலேயே முழங்கால் மடிந்து, தைக்காத துணி சரிவதுபோலச் சரிந்தாள். நான் முகத்தில் தண்ணீர் தெளித்து வாசல்படிக்கு இழுத்து வந்து உட்காரவைத்தேன். நல்லவேளை, பெட்டி மேசைமேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "பெரியவ எங்கடி?" என்றாள்.

நீதான் பெரியவள். வேறு யாரும் இல்லை.

நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் எழுது. நீ சொல்வதை அப்படியே செய்கிறேன்.

உன் தங்கை

*

நவம்பர் 3

ஊமச்சி,

கோபம் இல்லை. எங்களை மலைப்பக்கம் முகாமுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது உன் இரண்டு கடிதமும் கட்டில்மேல் இருந்தன. இரண்டையும் நின்றபடியே வாசித்தேன்.

"எனக்கும் அப்படித்தாம்மா" என்று சொன்ன அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன், நானும் அதையேதான் எழுதியிருந்தேன், கொஞ்சம் நீளமாக. அதை விடு.

"பெரியவ எங்கடி" என்றாளா? உண்மையாகவா? நீ எனக்காகச் சேர்த்துக்கொள்ளவில்லையே? நீ அப்படிப் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் கோபம் நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல், உள்ளே கனல். ஊதினால் சுடும் என்றுதான் நான் கிட்டே வராமல் இருந்தேன்.

எனக்குத் தோன்றுவது இதுதான். மழைக்காலத்தில் சந்துக்கும் அறைக்குமாக நடந்து, வேர்வையோடு ஈரக்காற்றில் நின்று, குளிர் உள்ளே இறங்கியிருக்கும். ஈரக்காற்று படாமல் பார்த்துக்கொள். கதவைச் சாத்தியே வை. இடுக்கில் காற்று வந்தால் துணி வைத்து அடை. நாலு நாள் வேலையை நிறுத்தச் சொல். கேட்கமாட்டாள், ஆனாலும் சொல். உடம்பைச் சூடாக வைத்தால் சரியாகிவிடும்.

பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். விடுப்பு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன். வாசலைத் தாண்டி உள்ளே விடுவாளா என்று மட்டும் கேட்டு எழுது. இல்லை, கேட்காதே. வருகிறேன்.

அக்கா

*

நவம்பர் 7, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

உன் கடிதத்தை மறைத்து வைக்க நினைத்தேன், முடியவில்லை. கதவிடுக்கில் நான் பழைய துணி திணிப்பதைப் பார்த்து, "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று அம்மா கேட்டாள். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, பேசாமலே இருக்கத்தான் தெரியும். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன்.

அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். பல்புக்குக் கீழே பிடித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, ரொம்ப நேரம் வாசித்தாள். நான் அடி விழும் என்று நின்றேன். அவள் கடிதத்தை மடித்தாள். சட்டை மடிப்பதுபோல ஓரத்தை நீவிவிட்டு மடித்தாள். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அதுக்குன்னே படிக்கிறவ" என்றாள். பிறகு, "அந்தக் கீழ் இடுக்குல காத்து வருது பாரு, அங்கயும் வையி" என்று அவளே காட்டினாள்.

உன் தட்டை வெளியே எடுத்து அடுக்கில் வைத்திருக்கிறாள், அக்கா.

வேலையையும் நிறுத்திவிட்டாள். நீ சொன்னாய் என்றுதான். பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். குளிர்கிறது என்றதால் கரிச்சட்டியை அவள் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். புகை துளிகூட இல்லை, நன்றாகச் சிவந்த பிறகுதான் கொண்டுவருகிறேன். சூடு சீக்கிரம் போய்விடாமல் இருக்கச் சாம்பலை மேலே போர்வை மாதிரி போட்டிருக்கிறேன். அறை இப்போது அடைகாக்கிற கூடை மாதிரி கதகதப்பாக இருக்கிறது.

தலைவலி இன்னும் போகவில்லை. அதிகம்தான் ஆகியிருக்கிறது. ஆனால் நிறையத் தூங்குகிறாள். தூங்குவது நல்லதுதானே? எனக்கும் தூக்கம் தூக்கமாக வருகிறது. செவ்வாய்க்கிழமை துணி கொடுக்கிற வேலை இல்லை. அன்று முழுக்க அவள் பக்கத்திலேயே இருக்கப்போகிறேன். கதவைத் திறக்கவே மாட்டேன்.

நீ வரும்போது அம்மா எழுந்து நிற்பாள், பார்.

உன் தங்கை

*

நவம்பர் 10, செவ்வாய்
பேருந்தில்

என் கண்ணே, என் ஊமச்சி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. உன் கையில் கொடுக்கப்போகிறேன். கொடுக்க நீ இருக்கவேண்டும். பேருந்து நிற்கிறது. பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறதாம். எழுதாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கதவைத் திற. சட்டியை வெளியே தள்ளு. அம்மாவை இழு. தூக்க முயற்சி செய்யாதே, காலைப் பிடித்தாவது வாசலுக்கு இழு. எழுதினால் உனக்குக் கேட்கும் என்பதுபோல எழுதுகிறேன்.

நேற்று தொப்பி சார் பாடம் நடத்தினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டேன். எரிகிற பொருளுக்குப் போதுமான காற்று கிடைத்தால் முழுதாக எரியும். போதாவிட்டால் அணைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், பாதி எரியும் என்றார். அந்தப் பாதி எரிதலில் ஒரு வாயு வருகிறது, கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை, கண் எரியாது, இருமல் வராது. புகை இருந்தாலாவது மனிதன் ஓடிவிடுவான். சிவந்த கரியில்தான் அது நிறைய வரும். ரத்தத்தில் காற்று உட்காரவேண்டிய இடத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொள்ளும், எழுப்பினாலும் லேசில் எழுந்திருக்காது. தலைவலி, வாந்தி, மறதி, முழங்கால் மடிதல், தூக்கம். வெளியே வந்தால் தெளிந்துவிடும். உள்ளே போனால் மறுபடி வரும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டேன். அடிக்கோடும் போட்டேன். அப்போதுகூட நம் அறை எனக்கு ஞாபகம் வரவில்லை. உன் தட்டான்பூச்சி என்ன தெரியுமா? அந்த வாயு மேலே வந்து காற்றைச் சந்தித்து எரிந்து தீர்கிற சுடர். சாம்பலைப் போட்டு மூடியதும் சுடர் போய்விட்டது என்றாயே, வாயு எரியாமல் அப்படியே அறைக்குள் வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்குத் தகரம் அடித்தார்கள் என்று உன் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். என் பையில்தான் இருக்கிறது. நான் அதைத் தாண்டித் தலைவலிக்குப் போய்ச் சண்டை போட்டேன். பிறகு நானே கதவையும் மூடச் சொன்னேன். கண்ணாடிப் புட்டியை எடுத்து உங்கள் இரண்டு பேர்மேலும் கவிழ்த்தது நான்.

காலையில் சனிக்கிழமைக் கடிதம் வந்தது. ஓடிப்போய் அலுவலகத் தொலைபேசியில் மேல்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "கீழ போங்க, கதவத் தட்டுங்க, கரிய வெளிய கொட்டச் சொல்லுங்க, ஜன்னலத் திறங்க, ஆஸ்பத்திரியில கரிதான் காரணம்னு சொல்லச் சொல்லுங்க" என்று கத்தினேன். "யாரு பேசறது?" என்றார்கள். சொன்னேன். "சரி, சரி" என்றார்கள். வைத்துவிட்டார்கள். என்ன சரி? மறுபடி கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே போனதால் எடுக்கவில்லையா, என் குரல் பிடிக்காததால் எடுக்கவில்லையா?

தொப்பி சாரிடம் போய் நின்றேன். கடிதத்தை நீட்டினேன். பாதி வாசித்ததுமே திருப்பிக் கொடுத்தார். "ஓடு" என்றார்.

இப்போது நடத்துநரிடம் மூன்றாவது தடவையாகக் கேட்டேன். "எல்லாருக்கும் அவசரந்தாம்மா. ஆத்துக்கு இல்லியே" என்கிறார்.

கேள். வெளியே வந்துவிட்டால் மட்டும் போதாது. மருத்துவமனையில் யாராவது வாயைத் திறந்து கரி, மூடின அறை என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது வெறும் பலவீனம் மாதிரியே இருக்கும். சாதாரணக் காற்றில் அந்த வாயு ரத்தத்தை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். முகமூடி வைத்து முழு ஆக்சிஜன் கொடுத்தால்தான் சீக்கிரம் இறங்கும். அம்மாவுக்கு நேரம் இல்லை. உன்னைத் தவிர அங்கே யாரும் இல்லை. உனக்கோ மருந்துக்கடைக்காரரிடம் "சட்டை" என்று சொல்லவே நாக்கு வராது.

பேருந்து முழுக்கக் காற்றாக இருக்கிறது. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கிறது. ஒரு பிடி அள்ளி உனக்கு அனுப்ப—

வண்டி எடுக்கிறார்கள். இல்லை, பின்னால் நகர்த்துகிறார்கள்.

*

நவம்பர் 10
மருத்துவமனை, வராந்தா

அக்கா,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. இதை எங்கே அனுப்புவது என்றும் தெரியவில்லை. எழுதினால்தான் எனக்கு யோசிக்க வரும். நர்ஸிடம் தாளும் பென்சிலும் சைகையில்தான் வாங்கினேன்.

மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. எழுந்திருக்க நினைத்தேன், கால் என்னுடையதாக இல்லை. மேல்வீட்டு அம்மா வெளியே நின்று கத்தினார்கள்: "ஏ பொண்ணு! உங்கக்கா போன்ல அழறா! கரிய வெளிய கொட்டணுமாம்! ஜன்னலத் திறக்கணுமாம்! ஆஸ்பத்திரியில கரின்னு சொல்லணுமாம்! ஏ, உயிரோட இருக்கியா?" எனக்கு எல்லாம் கேட்டது, கிணற்றுக்குள் இருந்து கேட்பதுபோல. அப்போது உன் புட்டி ஞாபகம் வந்தது. தலைவலி அம்மாவிடமிருந்து எனக்குத் தொற்றவில்லை. அது அம்மாவிடம் இல்லவே இல்லை. அறையில் இருந்தது.

தரையிலேயே நகர்ந்து போனேன். இடுக்கில் நானே திணித்த துணியை நானே பிடுங்கினேன். தாழ்ப்பாளை இழுத்தேன். காற்று வந்தது, மழையும் வந்தது. மேல்வீட்டு அம்மா சட்டியைக் காலாலேயே தள்ளி வெளியே விட்டார்கள், அது மழையில் சீறியது. அம்மா அசையவில்லை. மேசையைப் பிடித்து எழுந்து, ஆறிக்கிடந்த இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலில் அடித்தேன். கண்ணாடி போனது. தகரத்தில் அடித்தேன். "ஐயோ, ஆணிய நான் ஆள் வச்சு எடுக்கிறேன்டி" என்றார்கள் மேல்வீட்டு அம்மா. மூன்றாவது அடியில் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பிறகு அம்மாவின் காலை நான் பிடித்தேன், தோளை அவர்கள் பிடித்தார்கள். வண்டி பிடித்ததும் அவர்கள்தான். அவர்கள் புடவையெல்லாம் கரி.

இங்கே கேட்டார்கள், "என்ன ஆச்சு?" என்று. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மேல்வீட்டு அம்மா சொன்னார்கள்: "ரொம்ப நாளா பலவீனம் சார். மயங்கி விழுந்துட்டா. சரியா சாப்பிடறதில்ல." உள்ளே இருந்தது அதே டாக்டர். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "ஓ, இவங்களா?" என்றார். கையில் ஊசியைக் குத்தி ஒரு புட்டித் தண்ணீர் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மேல்வீட்டு அம்மா என்னை ஓரமாக இழுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகில் சொன்னார்கள்: "அந்த ஜன்னல் பேச்செல்லாம் இங்க எதுக்குடி? போலீசு கேசுன்னு ஆயிடும். அதான் வெளிய எடுத்துட்டோமே. நல்ல காத்துல கிடந்தா தானா சரியாயிடும்."  அவர்கள் இறங்கி வராமல் இருந்திருக்கலாம், அக்கா. வந்தார்கள். அவர்கள் வராவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இப்போதும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், என் தோளில் கை வைத்தபடி. அந்தக் கை கனக்கிறது.

அம்மாவைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்க்க முடிகிறது. மூச்சு விடுகிறாள். ஒன்று விட்டால் அடுத்தது வர நேரமாகிறது. இடையில் நான் என் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவள் வலது கை மட்டும் போர்வைமேல் முன்னும் பின்னும் நகர்கிறது. தேய்க்கிறாள். தேய்த்ததையே தேய்க்கிறாள்.

நீ இருந்தால் சொல்லியிருப்பாய். நீ வந்து சொல்வாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கை நகர்வதும் நின்றுவிட்டது.

பென்சிலை வைக்கிறேன், அக்கா.

*

அதே தாளின் பின்பக்கம்

தோளில் இருந்த கையை எடுத்து அவர்கள் மடியில் வைத்தேன். எழுந்தேன். கதவில் "உள்ளே வராதீர்கள்" என்று எழுதியிருந்தது. திறந்தேன். டாக்டர் யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கம்மாவுக்குப் பலவீனம் இல்ல" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும், வராந்தா வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்: "கரி. ஜன்னலுக்குத் தகரம் அடிச்சிருந்துச்சு. கதவையும் நாங்க மூடிட்டோம்."

டாக்டர் நாடி பார்த்த கையை விட்டுவிட்டு, அம்மாவின் கட்டிலைப் பார்த்து நடந்தார்.